திரும்பிய எழுத்து

தம்பி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள். அந்த மஞ்சள் பையில் பட வேண்டாம். உடைகிற சாமான் ஒன்றும் இல்லை. உடையாது, அதுதான் சங்கடம். படாமல் இருந்தால் உங்களுக்கு நல்லது, அதற்காகச் சொன்னேன்.

மேலே கம்பியில் வைக்கலாம்தான். கண்டக்டரும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார். அதைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு எப்படி உட்காருவது? முன்சீட்டில் பாருங்கள், கைக்குழந்தை இருக்கிறது.

நான் ராமேசுவரம் போகிறேன். நீங்கள் ராமநாதபுரமா? நல்லது. அதுவரைக்கும் துணை ஆயிற்று. கோயிலுக்கா என்று கேட்கிறீர்களே, என் சட்டையைப் பாருங்கள். கருப்பு. துவைத்துத் துவைத்து வெளுத்துவிட்டது, ஆனாலும் கருப்பு. நான் கோயிலுக்குள் கால் வைத்தவன் இல்லை. என் கல்யாணத்தில் ஐயர் கிடையாது, தாலி கிடையாது. மாலை மாற்றினோம், மூன்று பேர் பேசினார்கள், நான்காவதாக மாப்பிள்ளை நானே பேசினேன். பெற்றவர்கள் வைத்த பெயர் பேச்சிமுத்து. நானாக மாற்றிக்கொண்டது பகலவன். பேய் இல்லை, பில்லி இல்லை, சூனியம் இல்லை என்று மதுரையில் நான் பேசாத முச்சந்தி இல்லை. என் மகள் கேலி செய்வாள். "அப்பா குடிக்கத் தண்ணி கேட்டாக்கூட மைக் முன்னாடி கேக்குற மாதிரித்தான் இருக்கும்" என்பாள். பழகிவிட்டது தம்பி. வீட்டிலும் இப்படித்தான் பேசுகிறேன்.

ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை இல்லை. துளியும் இல்லை.

அந்தப் பைக்குள் ஒரு தகடு இருக்கிறது.

ஆமாம், அந்தத் தகடுதான். செம்புத் தகடு. வேப்பிலை சுற்றி, கருப்புத் துணியில் கட்டி, அதன்மேல் ஒரு பாலித்தீன் உறையும் போட்டிருக்கிறேன். வேப்பிலை எதற்கு என்று சிரிக்காதீர்கள். வேப்பிலை கிருமிநாசினி. அது விஞ்ஞானம்.

என் வீட்டு வாசற்படிக்கு அடியில் கிடந்தது தம்பி. என் மகள் கர்ப்பிணியாக வந்து தங்கியிருந்த வீட்டில். அவள் தினமும் மிதித்து ஏறி இறங்குகிற படிக்கு அடியில்.

இருங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுகிறேன். மூச்சு முட்டுகிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி பெயர் தையல்நாயகி. அவள் கணவர் ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்த்தவர், நல்ல மனிதர், காலமாகிவிட்டார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் தெருப்பக்கம் ஒரே மதில். போகிறவன் வருகிறவன் எல்லாம் அந்த மதிலில்தான் ஒதுங்குவான். நாற்றம் தாங்காது. இவள் என்ன செய்தாள்? மதிலில் சாமி ஓடு பதித்துவிட்டாள். பிள்ளையார் ஒன்று, மாதா ஒன்று, மசூதி படம் ஒன்று. எந்த மதத்துக்காரனும் அங்கே நின்று வேட்டியைத் தூக்கக் கூடாது என்று ஏற்பாடு.

நாற்றம் நின்றது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறது அல்லவா? மனிதனுடைய பயத்தை வைத்தா மதிலைக் காப்பது? அறிவைச் சொல்லித் திருத்த வேண்டாமா? நானே உளி எடுத்துப்போய் மூன்று ஓடுகளையும் பெயர்த்தேன். அந்த இடத்தில் வெள்ளையடித்து, 'சுகாதாரம் நம் கடமை' என்று என் கையால் எழுதினேன். மறுநாளே அந்தச் 'சுகாதாரம்' மேலேயே வந்து போய்விட்டார்கள்.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "அண்ணே, உங்க அறிவு நல்லா நாறுதுண்ணே" என்றாள். தெருவே சிரித்தது. உள்ளே போகப் போனவள் திரும்பி, இன்னொன்று சொன்னாள். "பாத்துக்கிட்டே இருங்க. ஒருநாள் உங்க வாசலுக்கே வந்து நிக்கும்."

எது வந்து நிற்கும்? அதை அவள் சொல்லவில்லை. அதுதான் தம்பி, எது என்று அவள் சொல்லவே இல்லை.

அன்றைக்கே என் மனைவி பாக்கியத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, அவளோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது என்று. "சரிங்க" என்றாள். என் பேச்சை அவள் தட்டியதே கிடையாது. நானும் அவளை எதிலும் கட்டுப்படுத்தியவன் இல்லை. பெண் விடுதலை பற்றி எத்தனை மேடை ஏறியிருக்கிறேன்! காலையில் கோலம் போடுவாள், நான் தடுத்ததில்லை. பார்த்ததும் இல்லை, அது வேறு. நான் செருப்பை மாட்டினால் நேரே நடக்கிறவன். மிதித்துவிடுவேன் என்று ஒரு மூலையில் கால் வைக்கிற அளவு இடம் விட்டிருப்பாள். அதில் ஒரு கால் வைத்துத் தாண்டிப் போய்விடுவேன். அவ்வளவு இணக்கமான குடும்பம்.

பிறகு எங்கள் மகள் இளமதி வயிற்றில் கரு நின்றது. எத்தனையோ வருடம் காத்திருந்து, அவள் மாமியார் ஏறாத கோயில் இல்லை, நான் போகாத ஆஸ்பத்திரி இல்லை. கடைசியில் நின்றது. வளைகாப்பு என்று சொல்ல மாட்டேன், வாழ்த்தரங்கம் என்று நோட்டீஸ் அடித்தேன். எல்லாரும் வளையல்தான் போட்டார்கள். பரமக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அங்கிருந்து எங்கள் வீட்டுக்குப் பிரசவத்துக்கு அழைத்து வந்தோம்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது.

முதலில் கறிவேப்பிலைச் செடி. கொல்லையில் இரண்டு ஆள் உயரம் நின்றது. அவள் வீட்டு வாய்க்கால் எங்கள் கொல்லையை ஒட்டித்தான் ஓடும். திடீரென்று வாய்க்கால் பக்கத்து இலையெல்லாம் கருகி, பத்து நாளைக்குள் மொத்தமும் பட்டுப்போயிற்று. பாக்கியத்திடம் சொன்னேன். "வெயில்ங்க" என்றாள். மார்கழி மாதம் தம்பி அது.

பிறகு துவைக்கிற கல். அதில் துரு நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை. எத்தனை தேய்த்தாலும் போகவில்லை.

பிறகு அவள் விரல். என் மனைவியின் விரல். ஒருநாள் காபி கொண்டுவந்து வைக்கிறாள், விரல் நுனியெல்லாம் மஞ்சளும் பழுப்புமாக, செத்தவன் விரல் மாதிரி இருக்கிறது. "என்ன இது?" என்றேன். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "வாழைப்பூ ஆய்ஞ்சேன்" என்றாள். சரி, வாழைப்பூ கறை படியும்தான். ஆனால் மத்தியானம் இலையில் வாழைப்பூ வரவில்லை. இரவும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. பயம் என்றால், அந்தப் பயம் இல்லை. உடல்நலம் பற்றிய பயம்.

இன்னொன்று கேளுங்கள். அரிசி டின்னுக்குப் பின்னால் நெயில் பாலிஷ் பாட்டில். நல்ல இரத்தச் சிவப்பு. பாட்டில் பாதி காலி. என் மனைவிக்கு அறுபது நெருங்குகிறது, வாழ்நாளில் நகத்துக்குச் சாயம் பூசியவள் இல்லை. மகளுடையதா என்றால் அவள் அந்த வாடையே குமட்டுகிறது என்கிறாள். அன்று முழுக்க பாக்கியத்தின் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் நகம். அப்படியென்றால் பாதி பாட்டில் எங்கே போயிற்று? யார் நகத்துக்குப் போயிற்று?

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் இப்படித்தான் சிரித்துப் பார்த்தேன்.

அப்புறம் ஒருநாள் சாப்பிடும்போது சம்பந்தமே இல்லாமல் கேட்கிறாள், "ஏங்க, அச்சாபீசுல எழுத்தெல்லாம் திரும்பித்தானே இருக்கும்?" நான் உங்களிடம் சொல்லவில்லையே. நான் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவன். கம்பாசிட்டர். கம்ப்யூட்டர் வருகிற வரைக்கும் அதுதான் பிழைப்பு. ஈய எழுத்து ஒவ்வொன்றும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பி இருக்கும். நாங்கள் அதை அப்படியே கடகடவென்று படிப்போம். எனக்கு மத்தியானச் சோறு கொண்டுவரும்போது அவள் பார்த்திருக்கிறாள். அதைப்பற்றி என்னிடம் யாராவது கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். "பாக்கியம், நன்றாகக் கேட்டுக்கொள். உலோகத்தில் எழுத்து எப்போதும் திரும்பித்தான் இருக்க வேண்டும். நேராக இருந்தால் அது தவறு" என்று அரைமணி நேரம் விளக்கினேன். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் பழைய பாக்கியமாக இருந்தாள்.

அதற்கு மறுவாரம்தான் நான் அதைப் பார்த்தது.

மாலை வெயில் இறங்குகிற நேரம். பாக்கியம் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் கொல்லையில் பட்டுப்போன செடியை வெட்ட ஏணி போட்டு ஏறினேன். மதிலுக்கு அந்தப்பக்கம் தையல்நாயகி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிரில் ஒரு பிளாஸ்டிக் தட்டம். அதில் கடுங்காப்பி மாதிரி ஏதோ ஒரு தண்ணீர். தட்டத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக ஆட்டுகிறாள், தொட்டில் ஆட்டுகிற மாதிரி. வாய் எதையோ முணுமுணுக்கிறது. பக்கத்தில் இன்னொருத்தி. மூக்கையும் தலையையும் சேர்த்துத் துணியால் சுற்றியிருக்கிறாள், கண் மட்டும்தான் தெரிகிறது. கையில் ரப்பர் உறை. எங்கேயோ வெளியூரிலிருந்து வரவழைத்தவளாக இருக்க வேண்டும். அந்தப் பச்சைச் சேலையை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது, எங்கே என்று பிடிபடவில்லை. அவள் ஒரு மரக்குச்சியை விட்டு அந்தக் கருந்தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தகட்டைத் தூக்கினாள். சொட்டுச் சொட்டாக வடிந்தது. இருவரும் தலையோடு தலை முட்டப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். அப்படியொரு சிரிப்பு தம்பி! சின்னப் பெண்கள் சிரிக்கிற மாதிரி.

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அரைமணி கழித்து பாக்கியம் வந்தாள். வெறும் பையோடு வந்தாள். "சர்க்கரை வரலியாம்" என்றாள். இதை அவளிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்று நான் எதுவும் சொல்லவில்லை.

அந்த வாரமே இளமதி துவைக்கிற கல்லிடம் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, ஓய்வாக இருக்கச் சொல்லுங்கள், இந்தக் காலத்தில் வருவதுதான் என்றார். வருவதுதானாம். அவர் அந்தக் கறையைப் பார்த்தாரா? அந்தச் செடியைப் பார்த்தாரா?

தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் தம்பி, அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறந்து என் வாசற்படி ஏறி வர வேண்டும். அவ்வளவுதான் என் கவலை.

தகடு எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். வாசற்படிக்கு அடியில் பெருச்சாளி பொந்து தோண்டியிருந்தது. ஏற்கெனவே பாக்கியத்திடம் சொல்லியிருந்தேன், எதையாவது வைத்து அடைத்துவிடு என்று. அடைத்துவிட்டதாகச் சொன்னாள். இருந்தும் படி ஆட்டம் கொடுத்தது. போன வாரம் விடிகாலையில் கடப்பாரை போட்டுப் படியை நெம்பினேன். மண்ணோடு மண்ணாக அது கிடந்தது.

ஒரு சாண் அகலம் இருக்கும். ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. நடுவில் பாம்பு பின்னியது போலக் கோடு, கோட்டுக்கு நடுவில் புள்ளி, கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. கீழே எழுத்து மாதிரி ஏதோ, மண் அப்பிக் கிடந்தது. நான் தமிழ் கோர்த்தவன், ஆங்கிலம் கோர்த்தவன், ஒரு செட்டியாருக்காகத் தெலுங்குகூடக் கோர்த்திருக்கிறேன். அது எதிலும் சேராத எழுத்து. அதைவிட ஒன்று. உளி பட்ட தடமே இல்லை. வெட்டினால் கோடு பள்ளமாக அல்லவா இருக்கும்? இதில் கோடு மேலே நிற்கிறது. சுற்றியிருந்த செம்பை எதுவோ தின்றிருக்கிறது. எது தம்பி செம்பைத் தின்னும்? சொல்லுங்கள். எதற்கு அவ்வளவு பசி?

ஒரே பார்வைதான். துண்டை எடுத்து மேலே போட்டு மூடிவிட்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை அதை நான் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டுப் பாக்கியம் வந்தாள். துண்டின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினேன். தம்பி, அவள் முகத்தில் இரத்தமே இல்லை. "அது... நான்தாங்க..." என்று ஆரம்பித்தாள். அழுகை வந்துவிட்டது. பாவம், பொந்தைச் சரியாக அடைக்காமல் விட்டதற்கு அவள் என்ன செய்வாள்? "உன்மேல் ஒரு தவறும் இல்லை பாக்கியம், நீ பேசாதே. இது யார் வேலை என்று எனக்குத் தெரியும்" என்று சொல்லி அடக்கிவிட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைவிட அவளுக்குத்தான் பயம். நன்றாகத் தெரிந்தது.

டீக்கடை சோணைமுத்துவிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன், யாருக்கோ என்று. "கடல்ல கொண்டுபோய்ச் சேத்துரணும்ணே. அதுவும் அக்னி தீர்த்தத்துல. கிளம்புறப்ப வீட்டுல ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசவும் விடக் கூடாது. போட்டுட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாது" என்றார். பிறகு டீ கிளாஸைக் கழுவிக்கொண்டே, "ஏண்ணே, உங்களுக்குத்தான் இதுல நம்பிக்கை இல்லையே?" என்றார். இல்லை என்றேன். இல்லைதானே?

மகளை அன்று மத்தியானமே காரில் பரமக்குடிக்கு அனுப்பிவிட்டேன். தகட்டைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது? சின்ன வயதில் அவள் இருட்டைக் கண்டு பயந்தால், அதற்காகவே மொட்டைமாடிக்குத் தனியாக அனுப்பித் தைரியம் பழக்கியவன் நான். கொசு அதிகம், டெங்கு பரவுகிறது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. "அம்மா கையால சாப்பிட்டு, இந்த வீட்டுல பெத்துக்கணும்னுதானப்பா வந்தேன். நான் என்ன தப்பு பண்ணேன்? ஏம்ப்பா துரத்துறீங்க?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காரின் கதவை நானே சாத்தினேன். அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை.

இன்று காலையில் கிளம்பும்போது பாக்கியம் கேட்டுக்கு ஓடி வந்தாள். முந்தானைக்குள் எதையோ மறைத்துப் பிடித்திருந்தாள். ஏதாவது சாமி படமாக இருக்கும், கூடக் கொண்டுபோகச் சொல்லுவாள் என்று நினைத்தேன். "ஏங்க, ஒரே நிமிஷம். இதை மட்டும் பாத்துட்டுப் போங்க" என்றாள். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். பேசவிடக் கூடாது அல்லவா. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் பரமக்குடி வந்துவிடும். பஸ் நிலையத்துக்கு எதிர்த் தெருதான் அவள் வீடு. இறங்க மாட்டேன். இதை வைத்துக்கொண்டு அவள் இருக்கிற தெருப்பக்கம்கூடத் திரும்ப மாட்டேன். பஸ் நிற்கும்போது கொஞ்சம் குனிந்துகொள்வேன், நீங்கள் தவறாக நினைக்காதீர்கள்.

ஐயோ! ஏய், என்னப்பா பிரேக் இது! ஆடா? ஆடு தப்பித்ததா? நல்லது, நல்லது... தம்பி! பை! பை எங்கே? அங்கே போகிறது பாருங்கள், டிரைவர் பக்கம்... துணி அவிழ்ந்துவிட்டதே! யாரும் தொடாதீங்க! அம்மா, குழந்தையைத் தூக்கிக்குங்க, காலைத் தூக்கிக்குங்க! தம்பி, நீங்க வேண்டாம். தம்பி, சொன்னாக் கேளுங்க, வெறும் கையால தொடாதீங்க!

தொட்டுவிட்டீர்கள்.

ஒன்றும் செய்யவில்லையா? கை எரிகிறதா? இல்லையா? சரி. சரி, உட்காருங்கள். அதை அந்தப் பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், என் பக்கம் வேண்டாம். ஏன் துடைக்கிறீர்கள்? மண் போனால் போகட்டும், எதற்குத் துடைக்கிறீர்கள்?

என்ன? எழுத்தா? எழுத்து இருக்கிறது, அதுதான் சொன்னேனே, எந்த மொழியிலும் சேராதது.

திரும்பி இருக்கிறதா?

திரும்பி என்றால்? என்ன திரும்பி? நான் பார்க்க மாட்டேன் என்று... கொஞ்சம் சாயுங்கள். வெளிச்சம் இந்தப் பக்கம் விழட்டும். மண்ணை இன்னும் கொஞ்சம்... ம். ஆயுள் முழுக்க இப்படித்தானே தம்பி படித்தேன். வலமிருந்து இடம்.

தா. புள்ளி வைத்த த். தா. அப்புறம் வீ. டு.

தாத்தா வீடு.

தாத்தா வீடு என்று இருக்கிறது. பார்த்தீர்களா? தாத்தா வீட்டையே குறிவைத்து எழுதியிருக்கிறாள். யார் தாத்தா? நான்தான் தாத்தா. இன்னும் ஆகவில்லை, ஆகப்போகிறேன். ஆகப்போகிற வீட்டுக்கு... எதற்கு இப்படிக் கொம்பு சுழித்து, இவ்வளவு அழகாக...

நடுவில் இருக்கிற கோடா? அது எந்திரம் தம்பி. கட்டு. எந்திரக் கட்டு. கோலமா? கோலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டு வாசல் கோலமா? அது... புள்ளி வைப்பாள். சுற்றி வளைப்பாள். எத்தனை புள்ளி என்று... தெரியாது. பார்த்ததில்லை என்றேனே.

இருங்கள்.

இந்த மூலையைப் பாருங்கள். மற்ற மூன்று மூலையிலும் கோடு ஓரம்வரைக்கும் வந்து வளைகிறது. இந்த ஒரு மூலையில் வரவில்லை. முன்னாலேயே மடங்கிவிட்டது. வெற்றிடம். தவறிப்போய் விட்டதில்லை, அளந்து விட்டது. ஒரு கால் வைக்கிற அளவு.

ஒரு கால் வைக்கிற அளவு தம்பி.

வாழைப்பூ இல்ல. அவ விரல்ல இருந்தது வாழைப்பூக் கறையே இல்ல. பிளாக்கு. அச்சாபீசுக்குப் படம் போட பிளாக் வருமே, துத்தநாகத் தகட்டுல ஆசிட் தின்னு வருமே, கோடு மேல நிக்குமே... எத்தனை பிளாக்கை இந்தக் கையால எடுத்து வச்சிருக்கேன். எனக்குத் தெரியாம போச்சா? ரேடியோ ரிப்பேர்க்காரர் வீட்டுல செம்புத் தகடும் அதைத் தின்னுற கருந்தண்ணியும் இருக்காதா, அதை வாய்க்கால்ல ஊத்துனா செடி கருகாதா? அந்தப் பச்சைச் சேலை, பொங்கலுக்கு நான் பாக்கியத்துக்கு எடுத்துக் கொடுத்தது. நெயில் பாலிஷாலதான் எழுதியிருக்கா. பாலிஷ் பூசின இடத்தை ஆசிட் தின்னாது. உலோகத்துல எழுத்து திரும்பித்தான் இருக்கணும்னு நான்தான் சொன்னேன். அரைமணி நேரம் சொன்னேன். அதை நம்பி, வாசல்ல மாட்டுற பேர்ப்பலகையைத் திருப்பி எழுதி, கெட்டுப்போச்சுன்னு... பொந்தை எதையாவது வச்சு அடைன்னு நான்தானே... அப்பவும் "நான்தாங்க"ன்னு சொன்னாளே. வாயைத் திறந்து சொன்னாளே.

ஏன் முன்னாடியே சொல்லல? தம்பி, அவ ஏன் எங்கிட்ட சொல்லல? பக்கத்து வீட்டுக்குப் போறேன், இதைக் கத்துக்கிறேன்னு ஒரு வார்த்தை... நான் என்ன அடிச்சிருக்கவா போறேன்? நான் கைநீட்டினதே இல்லையே. எதுக்கு அப்படிப் பயந்தா?

பரமக்குடியா? என்ன, பரமக்குடி வந்துருச்சா? கண்டக்டர், கொஞ்சம் நிறுத்துங்க, விசில் கொடுத்துறாதீங்க. இறங்குறேன். டிக்கெட் ராமேசுவரம்தான், இருக்கட்டும், இறங்குறேன். தம்பி, அதைக் கொடுங்க. துணி வேண்டாம். அந்த வேப்பிலையை ஜன்னல்ல வீசிடுங்க. சும்மா அப்படியே கொடுங்க.

அச்சுல ஒண்ணு உண்டு தம்பி. திரும்பின எழுத்து ஒண்ணு கையில இருக்குன்னா, நேரானது ஒண்ணு எங்கயாவது இருக்கும். காலைல அவ முந்தானைக்குள்ள வச்சிருந்தா. பாத்துட்டுப் போங்கன்னா. நான் பாக்காம வந்துட்டேன்.

முதல்ல யாருக்குப் போன் பண்றது? மகளுக்கா, பாக்கியத்துக்கா? மக எடுக்க மாட்டா. அவ எடுப்பா. எடுத்து "சொல்லுங்க"ம்பா. அதுக்கப்புறம் நான் என்ன சொல்றது? நெஞ்சு அடிச்சுக்குது தம்பி, இங்க கை வச்சுப் பாருங்க. கடலுக்குப் போறப்பகூட இப்படி அடிக்கல.

வர்றேன்ப்பா, வர்றேன், வயசானவன், கொஞ்சம் பொறுங்க. அம்மா, குழந்தையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் பிடிச்சுக்குங்க. பட்டா ஒண்ணும் ஆகாது. ஓரம் கூரா இருக்கு, அவ்வளவுதான்.